கிராண்ட் கேன்யன் மேலே பறக்க: செட்டிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் தெருவுக்கு நான்கு வீட்டுப் பிள்ளைகளாவது அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்தது என்றோ, புதுவீடு வாங்கியிருக்கிறார்கள் என்றோ பெற்றோர் கிளம்புகிறார்கள். போகுமுன் கேட்கும் கேள்விகளில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது: கிராண்ட் கேன்யனை மேலே பறந்து பார்க்க எப்படி ஏற்பாடு செய்வது?

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போனவர்களின் பேரன் பேத்திகளுக்குப் பயணம் புதிதல்ல. கணக்கும் புதிதல்ல. அப்படியிருந்தும் இந்த ஒரு விஷயத்தில் பலர் எடுத்தவுடன் விலையைத் தேடுகிறார்கள். அது தலைகீழ் வழி. எந்த ஊரில் ஏறுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்ன பார்ப்பீர்கள், எவ்வளவு செலவாகும், எந்த மாதம் போகலாம் என்பதெல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து தானாக வந்து விழும்.

விசாவைப் பற்றி ஒரு வரி போதும். பிள்ளைகளைப் பார்க்க வாங்கும் பார்வையாளர் விசாவே இதற்கும் செல்லும். விமானச் சுற்றுக்கென்று தனி அனுமதி எதுவும் கிடையாது.

எங்கே ஏறுவது?

கொலராடோ ஆறு அறுத்த இந்தப் பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். காரைக்குடியில் ஏறிச் சென்னையில் இறங்கும் தூரத்துக்குக் குறையாது. அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு பெரிய இடத்தை ஒரு முனையில் பார்த்துவிட்டு மறுமுனையையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. விளம்பரங்களிலோ எல்லாவற்றுக்கும் 'கிராண்ட் கேன்யன் ஹெலிகாப்டர்' என்று ஒரே பெயர்தான். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, தென் விளிம்பு. அரிசோனா மாநிலத்தில் டுசயான் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரும் சிறு விமானமும் கிளம்புகின்றன. நாள்காட்டியிலும் புத்தகத்திலும் நாம் பார்த்திருக்கும் அந்தச் சிவப்பும் மஞ்சளுமான அடுக்குப் பாறைகள் இங்கேதான். ஃபீனிக்ஸ் நகரிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம், லாஸ் வேகாஸிலிருந்து நாலரை மணி நேரம்.

இரண்டாவது, மேற்குப் பகுதி. இது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு வெளியே, ஹுவாலபாய் என்ற பழங்குடியினரின் நிலம். லாஸ் வேகாஸிலிருந்தும் அருகிலுள்ள போல்டர் சிட்டியிலிருந்தும் கிளம்பும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. வழியில் ஹூவர் அணையும் மீட் ஏரியும் கண்ணில் படும். பள்ளத்தின் அடிவரை இறங்கி ஆற்றின் அருகே நிற்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. பூங்காவுக்குள் அதற்கு அனுமதி இல்லை. 2007-இல் திறந்த கண்ணாடி நடைமேடையும் இங்கேதான் இருக்கிறது. அதன்மேல் செல்பேசியோ கேமராவோ கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் வாசலில் வாக்குவாதம் மிச்சம்.

மூன்றாவது, பேஜ் என்ற ஊர். பவல் ஏரி, குதிரை லாடம் போல ஆறு வளைந்து திரும்பும் இடம், இன்னும் கொஞ்ச தூரம் பறந்தால் தனித்தனியாக நிற்கும் மானுமென்ட் பள்ளத்தாக்குப் பாறைகள் என்று இங்கே காட்சியே வேறு. ஆன்டலோப் கேன்யனின் படங்களைப் பார்த்து மயங்கி இங்கே விமானம் பதிவு செய்கிறவர்கள் உண்டு. அது ஆள் நுழையும் அளவுக்கே உள்ள இடுக்கு. மேலேயிருந்து பார்த்தால் தரையில் ஒரு கீறல்தான் தெரியும். நவஹோ வழிகாட்டியுடன் நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

யூட்டாவில் மோவாப் என்ற ஊரிலிருந்தும் கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவின் மேலே பறக்கலாம். பிள்ளைகள் டென்வர், சால்ட் லேக் சிட்டிப் பக்கம் இருந்தால் அதை யோசியுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வாழ்நாளில் ஒருமுறைதான் போகப்போகிறீர்கள் என்றால் தென் விளிம்புக்கே போங்கள். லாஸ் வேகாஸில் இரண்டு நாள்தான் இருப்பீர்கள், நீண்ட கார்ப் பயணம் முதுகுக்கு ஆகாது என்றால் மேற்குப் பகுதி. அங்கே போய்விட்டு, 'படத்தில் பார்த்த மாதிரி இல்லையே' என்று மட்டும் குறைப்பட வேண்டாம்.

ஹெலிகாப்டரா, விமானமா?

தென் விளிம்பில் ஹெலிகாப்டர் சுற்று இரண்டு வகை. சுமார் 25 முதல் 30 நிமிடம் வரை ஒன்று. அது மேற்குத் தடத்தில் போய்ப் பெரும்பாலும் அதே தடத்தில் திரும்பிவிடும். சுமார் 45 முதல் 50 நிமிடம் வரை மற்றொன்று. கிழக்குப் பக்கம் போய், வடக்கு விளிம்புக் காட்டைச் சுற்றி, மேற்கு வழியாகத் திரும்பும். சிறு விமானமும் ஏறக்குறைய இதே பெரிய சுற்றைத்தான் போகிறது. கட்டணம் கணிசமாகக் குறைவு. இறக்கை உடலுக்கு மேலே அமைந்த விமானம் என்பதால் எந்த இருக்கையிலிருந்தும் கீழே பார்ப்பதற்குத் தடை இல்லை. எல்லாருக்கும் ஜன்னல் கிடைக்கும். ஹெலிகாப்டரில் நடு இருக்கை கிடைத்தவர் பக்கத்திலிருப்பவரின் தோளுக்கு மேலேதான் எட்டிப் பார்க்க வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குடும்பம், கைச்செலவில் கவனம் உள்ளவர்கள் என்றால் விமானமே போதும் என்பேன். ஹெலிகாப்டர் என்றால்தான் ஊரில் சொல்லிக்கொள்ள முடியும் என்பது வேறு விஷயம்.

தோராயக் கணக்கு: தென் விளிம்பில் விமானத்துக்குத் தலைக்கு 200 டாலரை ஒட்டி, ஹெலிகாப்டருக்கு 250-லிருந்து 400 வரை, லாஸ் வேகாஸில் ஏறிப் பள்ளத்தின் அடியில் இறங்கித் திரும்புவதற்கு 500-க்கு மேல். இணையத்தில் முதலில் தெரியும் தொகையில் எரிபொருள் கட்டணமும் இறங்கு கட்டணமும் வரியும் சேர்ந்திருக்காது. கடைசிப் பக்கத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். அங்கிருக்கும் பிள்ளையின் அட்டையில் கட்டினால் நம் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் மிஞ்சும்.

இன்னொரு செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டுசயான் விமான நிலையம் பூங்கா வாசலுக்கு வெளியே இருக்கிறது; பறக்க மட்டும் போகிறவர் பூங்காக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போய் விளிம்பில் நிற்காமல் யார் திரும்புவார்கள்? அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டவருக்கு 2026 தொடக்கத்திலிருந்து கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதல். வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து போகிறீர்கள் என்றால் எது லாபம் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்க வேண்டியவை

'ரொம்பத் தாழப் பறப்பார்களா?' என்று ஆச்சிமார் கேட்பார்கள். பூங்காவுக்குள் அப்படித் தாழப் பறக்க மாட்டார்கள், பறக்கக் கூடாது. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1956 ஜூன் 30 அன்று இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் மேல் மோதி 128 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஏ.ஏ. என்ற அமைப்பு 1958-இல் உருவானதற்கு அந்த விபத்து முக்கியக் காரணம். பிறகு 1986-இல் ஒரு சுற்றுலா விமானமும் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் இதே வானில் மோதிக்கொண்டன. 25 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே தேசியப் பூங்காக்களின் மேல் பறப்பதற்குச் சட்டம் வந்தது. இன்று பூங்காவின் பெரும்பகுதிக்கு மேலே சுற்றுலா விமானம் போகவே முடியாது. குறித்த தடம், குறித்த உயரம். விளிம்புக்குக் கீழே இறங்கத் தடை. 'எங்கள் ஹெலிகாப்டர் உள்ளே புகுந்து போகும்' என்று யாராவது சொன்னால் அவர் மேற்குப் பகுதியைச் சொல்கிறார் என்று பொருள்.

மேற்குப் பகுதியில் 2018 பிப்ரவரியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து தீப்பிடித்ததில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். விழுந்தாலும் உடையாத எரிபொருள் தொட்டி வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. எனவே பதிவு செய்யுமுன் பிள்ளைகளை விட்டு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் நிறுவனம் எஃப்.ஏ.ஏ.வின் 135-ஆம் பகுதிச் சான்றிதழில் (கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவதற்கானது) இயங்குகிறதா? நாங்கள் ஏறும் ஹெலிகாப்டரில் மோதலைத் தாங்கும் எரிபொருள் தொட்டி இருக்கிறதா? நல்ல நிறுவனம் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்லும். விபத்து விசாரணை அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்திலேயே இருக்கின்றன. தள்ளுபடியைத் தேடும் நேரத்தில் பாதியை அதற்குச் செலவிடலாம்.

மாதமும் மணியும்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்லவை. வசந்தத்தில் காற்று கொஞ்சம் முரண்டும். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பாலையிலும் பருவமழை உண்டு; பிற்பகலில் இடி மின்னலோடு வரும். குளிர்காலத்தில் வானம் துல்லியமாக இருக்கும், விளிம்பில் பனி படிந்திருக்கும். தென் விளிம்பின் உயரம் சுமார் 2,100 மீட்டர், கொடைக்கானல் அளவு. பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு போனால் அக்டோபர் காலையிலேயே நடுங்க வேண்டியிருக்கும்.

எந்த மாதமானாலும் காலை நேரத்தையே கேளுங்கள். வெயில் ஏற ஏறப் பாறை சூடாகி, சூடான காற்று மேலெழும்பி விமானத்தைத் தூக்கிப் போடும். நடுப்பகலில் நிழல் இல்லாததால் பாறையின் மடிப்புகளும் தட்டையாகத் தெரியும். சூரிய உதயத்தை மேலேயிருந்து பார்க்க ஆசைப்பட்டால் தென் விளிம்பில் அது நடக்காது. சுற்றுலாத் தடங்கள் கோடையில் காலை 8 முதல் மாலை 6 வரையும், குளிர்காலத்தில் 9 முதல் 5 வரையும்தான் திறந்திருக்கும்.

இனி மணிக் குழப்பம். அரிசோனா ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்கிறது. நம் கடிகாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அதை ஒட்டியுள்ள நெவாடாவும் யூட்டாவும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். ஆகவே லாஸ் வேகாஸும் அரிசோனாவும் கோடையில் ஒரே மணி, குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். பேஜ் ஊரில் இன்னும் மோசம். பக்கத்திலேயே யூட்டா, இந்தப் பக்கம் நவஹோ நிலம் (அவர்கள் அரிசோனாவிலேயே இருந்தாலும் கோடையில் கடிகாரத்தை மாற்றுவார்கள்). செல்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். பதிவுச் சீட்டில் உள்ள நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்வது உத்தமம்.

தங்கும் நாட்களில் முதல் காலையிலேயே பறப்பை வையுங்கள். காற்றாலோ மழையாலோ ரத்தானால் மறுநாள் இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம். ஊருக்குத் திரும்பும் நாளில் வைத்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், பறப்பு கிடைக்காது. வானிலையால் நிறுவனமே ரத்து செய்வதும் நாமாக ரத்து செய்வதும் வேறு வேறு. நாமாக ரத்து செய்ய 24 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை கெடு வைத்திருப்பார்கள்.

எடை, சேலை, மாத்திரை

பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரின் எடையையும் கேட்பார்கள், அதுவும் பவுண்டு கணக்கில். கிலோவை 2.2 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 75 கிலோ என்றால் 165 பவுண்டு. கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. கவுன்டரில் தராசில் ஏற்றி மறுபடி பார்ப்பார்கள், காலணியோடும் தோள்பையோடும். சுமார் 300 பவுண்டுக்கு மேலிருந்தால் கூடுதல் இருக்கைக்குப் பணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அந்தத் தராசுதான் தீர்மானிக்கும். சமநிலை பார்த்து இடம் ஒதுக்குவார்கள். அப்பச்சி முன்னிருக்கையில் விமானியின் பக்கத்திலும் ஆத்தா பின்வரிசையில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவிலும் உட்கார நேரலாம். அங்கே நின்று மாற்றிக் கேட்டுப் பயனில்லை. கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்; பெயர் அதிலுள்ளபடியே பதிவாகியிருக்க வேண்டும். தகப்பனார் பெயரை முன்னால் போட்டும் பின்னால் போட்டும் எழுதுகிற நம் வழக்கம் இங்கே தொல்லை தரும்.

உடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹெலிகாப்டரின் சுழலி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறவும் இறங்கவும் சொல்வார்கள். அந்தக் காற்றில் முந்தானையும் துப்பட்டாவும் கையில் நிற்காது. கண்டாங்கிதான் கட்டுவேன் என்கிற ஆச்சிகளைத் தடுக்க என்னால் ஆகாது. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, தோளிலும் இடுப்பிலும் ஊக்கு குத்தி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுப் பொத்தானை மாட்டிவிடுங்கள். படி உயரமாக இருக்கும். கொசுவத்தைச் சற்றுத் தூக்கிக் கட்டினால் கால் தடுக்காது. சுடிதார் பழக்கம் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஆண்களுக்கு அன்று ஒருநாள் வேட்டி வேண்டாம். தொப்பி, செருப்பு, தோள்துண்டு எதுவும் ஆகாது. குதிகால் மூடிய காலணி போடுங்கள். இன்னொரு நுணுக்கம்: வெள்ளைச் சட்டை ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும். கறுப்போ கருநீலமோ உடுத்துகிறவர்களின் படங்கள் தெளிவாக வரும். பெரிய கைப்பைகளையும் செல்ஃபி குச்சியையும் கீழேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

கொடைக்கானல் பஸ்ஸில் வாந்தி வருகிறவருக்கு இங்கேயும் வரும். குமட்டலுக்கான மாத்திரையைப் பறப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும், ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, பெயர் எழுதி வாங்கிப் போங்கள். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி அளவு போதும். தேன்குழலையும் மணகோலத்தையும் காரில் வைத்துவிட்டு, இறங்கிய பிறகு பிரித்துக்கொள்ளலாம். காற்று வறண்டது, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

மேலே போனதும்

காதில் ஒலிக்கருவி மாட்டிவிடுவார்கள். பல மொழிகளில் விளக்கம் ஓடும். தமிழை எதிர்பார்க்க வேண்டாம். அதனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் பெரியவர்களுக்கு முதல்நாள் இரவே சொல்லி வையுங்கள்.

கிளம்பியதும் சில நிமிடங்களுக்குப் பைன் மரக் காடுதான். கொஞ்சம் தாழ்வாகவே போகும். மர உச்சிகள் காலுக்கடியில் ஓடும். 'வெறும் காட்டைப் பார்க்கவா இத்தனை டாலர்?' என்று கேட்க வாயெடுக்கும் நேரத்தில் காடு சட்டென்று முடிந்து, தரை ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே போய்விடும். கேமராவை அதற்கு முன்பே தயாராக வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கணத்தில் படம் எடுக்க மறந்துவிடுகிறார்கள். காணொளியை முன்னதாகவே ஓடவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணால் பாருங்கள்.

மேல் விளிம்பில் வெளிறிய சுண்ணாம்புப் பாறை, சுமார் 27 கோடி ஆண்டு வயது. இடையில் சிவந்த செங்குத்துச் சுவர். அடியில் ஆற்றை ஒட்டிக் கறுத்த பாறை. அதற்கு 170 கோடி ஆண்டுக்கு மேல். அந்தக் கறுப்புப் பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் விஷ்ணு. பள்ளத்துக்குள் கோபுரம்போல் எழுந்து நிற்கும் குன்றுகளுக்கு விஷ்ணு கோவில், சிவன் கோவில், பிரம்மா கோவில் என்றே வரைபடத்தில் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே அளந்து ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் கீழைநாட்டுக் கோவில்களின் பெயர்களை வைக்கத் தொடங்கினார். 1937-இல் நியூயார்க்கிலிருந்து ஓர் அருங்காட்சியகத்தார், தனித்துப் பிரிந்து நிற்கும் சிவன் கோவில் உச்சியில் விசித்திரப் பிராணிகள் வளர்ந்திருக்குமோ என்று ஏறிப் பார்த்தார்கள். சாதாரண எலியும் அணிலும்தான் அகப்பட்டன. சிவன் கோவில் மேற்குப் பக்கம், விஷ்ணு கோவில் கிழக்குப் பக்கம். இரண்டையும் தரிசிக்க வேண்டும் என்றால் நீண்ட சுற்றையே எடுக்க வேண்டும். நம்மவர்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இறங்கிய பின்

விமானிக்கு அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கம், கட்டாயமில்லை. படம் எடுத்துச் சட்டமிட்டு விற்பார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அன்றைக்கே லாஸ் வேகாஸ் திரும்பும் திட்டம் வேண்டாம். பிற்பகலைப் பூங்காவுக்குள் கழியுங்கள். உள்ளே இலவச பஸ்கள் ஓடுகின்றன. சூரியன் மறைவதைப் பார்க்கப் பலரும் கூடும் ஹோப்பி முனைக்குப் போகும் மேற்குச் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காரை விடுவதில்லை, பஸ்தான். சூரியன் மறைந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு வரிசை கட்டும்; முழங்கால் வலி உள்ளவர்கள் கால் மணி நேரம் முன்பே கிளம்பி வந்துவிடலாம். இரவு டுசயானிலேயே தங்குங்கள். அறை கிடைக்காமல் 130 கிலோமீட்டர் தள்ளி ஃபிளாக்ஸ்டாஃப் வரை போகத்தான் வேண்டும் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். இருட்டிய பிறகு எல்க் என்ற பெரிய மான்கள் சாலையின் குறுக்கே வந்து நிற்கும். மாடு அளவு இருக்கும், ஹார்ன் அடித்தால் நகராது.